பழைய வீடுகளுக்கு வெப்பக் காப்பு

உத்தியோகம் பார்ப்பவருக்கு வீடு ஓரிடம், வேலை செய்யும் இடம் வேறோரிடம். விவசாயிக்கும் வயல் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். நெசவாளருக்கு மட்டும் வீடே தொழிற்கூடம். தறி நிற்கும் கூடத்திலேயே குழந்தை தொட்டிலில் உறங்குகிறது. நூல் சுற்றும் தாழ்வாரத்திலேயே முதியவர்கள் படுத்திருக்கின்றனர். ஆகவே, கோடையில் வீடு கொதிக்குமாயின் குடும்பத்தின் சுகமும் வருமானமும் ஒருங்கே கெடுகின்றன. உச்சி வேளையில் மூன்று மணி நேரம் தறி நின்றால், அந்த மூன்று மணி நேரத்திற்குக் கூலி கொடுப்பார் எவருமில்லை. நெய்த அளவுக்குத்தான் கூலி. வியர்த்த அளவுக்கு அன்று.

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு முதலிய நம் நெசவூர்கள் கடலுக்கு வெகு தொலைவில், குன்றுகளுக்கு நடுவே அமைந்தவை. சென்னை நகரத்தாருக்குப் பிற்பகலில் ஆறுதல் தரும் கடற்காற்று நம்மை எட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது; எட்டும்போதும் வலுவிழந்தே எட்டுகிறது. மே மாதத்தில் தமிழ்நாட்டில் வெயில் மிகுந்த ஊர்களின் பட்டியல் வெளியாகும்போது திருத்தணியின் பெயர் அதில் அடிக்கடி முன்வரிசையில் நிற்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது நமக்குப் புதிய செய்தியன்று. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெள்ளத்தையும் புயலையும் போல வெயிலும் உயிரைக் கொள்ளத்தக்கது என்பதை அரசே ஒப்புக்கொண்டதாக இதனைக் கொள்ளலாம்.

புது வீடு கட்டுவோர் ஆரம்பத்திலேயே திட்டமிட்டுக் கொள்ளலாம். பழைய வீட்டில் இருப்போர் என் செய்வது? அதை இடிக்காமலும் பெருஞ்செலவு செய்யாமலும் வெப்பத்தைத் தடுக்க வழி உண்டா? உண்டு என்பதே நமது பதில். எதை முதலில் செய்வது, எதைப் பின்னர் செய்வது என்ற வரிசை மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

காப்பு என்பது யாது?

பனிக்கட்டி விற்பவர் அதை மரத்தூளில் புதைத்துச் சாக்கினால் மூடி வைக்கிறார். மார்கழிக் குளிரில் நாம் கம்பளியைப் போர்த்துக் கொள்கிறோம். முன்னது குளிர்ச்சியைக் காக்கிறது. பின்னது உடற்சூட்டைக் காக்கிறது. ஆனால் இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. மரத்தூளின் இடுக்குகளிலும் கம்பளி இழைகளின் நடுவிலும் காற்று அசையாமல் சிக்கிக் கிடக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. வெளிச்சூடு பனிக்கட்டிக்குள் புகவில்லை. உடற்சூடு வெளியே போகவில்லை. காப்புப் பொருளுக்குச் சூடென்றும் குளிரென்றும் பேதமில்லை. அது வெப்பத்தின் பாதையை அடைக்கிறது, அவ்வளவே.

ஆகவே, கனமான பொருளே நல்ல காப்பு என்று எண்ணுவது சரியன்று. நுரை போன்ற தெர்மாகோல் பலகையில் ஓர் அங்குலம் தடுக்கும் வெப்பத்தைக் கான்கிரீட்டினால் தடுக்க வேண்டுமானால் மூன்றடிக்கு மேற்பட்ட கனம் தேவைப்படும். நம் அரிசி ஆலைகளில் குவிந்து கிடக்கும் நெல் உமியும் ஏறக்குறைய தெர்மாகோலை நெருங்கி வரும் காப்புப் பொருளே.

கனத்த பொருளுக்கும் ஒரு குணம் உண்டு. அது வெப்பத்தைத் தடுப்பதைவிடத் தாமதப்படுத்துகிறது. ஒன்பது அங்குலச் செங்கற்சுவரின் வெளிப்புறம் காலையில் வாங்கிய சூடு உட்புறம் வந்து சேர ஆறேழு மணி நேரம் செல்லும். நான்கங்குலக் கான்கிரீட் தளத்தில் அது மூன்று மணி நேரத்திற்குள் வந்துவிடும். தகரக் கூரையில் தாமதமே இல்லை. வெயில் பட்ட சில நிமிஷங்களில் உள்ளே அனல் இறங்குகிறது. தடுத்தல் வேறு, தாமதப்படுத்தல் வேறு என்பதை நினைவிற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

கடுங்குளிர் நாடுகளில் செய்வது என்ன?

நமக்குப் பனி உறையும் குளிர் இல்லை. ஆயினும் அத்தகைய இடங்களில் வாழ்வோரின் அனுபவம் நமக்குப் பாடமாகும். கடல் மட்டத்திற்கு மேல் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லடாக்கின் லே நகரில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்குவதுண்டு. அங்குள்ள பழைய வீடுகளுக்குத் தடித்த மண் சுவர். நெட்டிலிங்கம் போல் நெடிது வளரும் பாப்ளர் மரத்து உத்திரம். அதன்மேல் வில்லோ மரக் குச்சிகள், வைக்கோல், களிமண் எனப் பல அடுக்குக் கொண்ட தட்டைக் கூரை. குளிர்காலத் தீவனப் புல்லையும் அக்கூரையின் மேலேயே அடுக்கி வைக்கின்றனர். கால்நடைக்கு உணவாவது வீட்டிற்குப் போர்வையுமாகிறது. 1988ஆம் ஆண்டு அங்கே தொடங்கப்பட்ட செக்மால் என்னும் கல்வி நிறுவனம், இடித்துக் கெட்டித்த மண் சுவரும், தெற்கு நோக்கிய கண்ணாடியும், கூரைக் காப்பும் கொண்டு, வெயிலின் சூட்டையே சேமித்துக் குளிரைத் தாங்கும் கட்டிடங்களை எழுப்பியுள்ளது.

ஈரான் தேசத்து யஜ்து நகரத்தில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். குளிர்கால இரவோ உறைநிலைக்குக் கீழே செல்லும். அவ்வூரார் பச்சை மண்கற்களால் தடித்த சுவரும் குவிந்த கூரையும் எழுப்பி, வீட்டின் உச்சியில் காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் கோபுரங்களை அமைத்தனர். ஒரே சுவர் இரு பருவத்திற்கும் உதவுகிறது.

அமெரிக்காவில், 1973இல் எண்ணெய் விலை திடீரென உயர்ந்தபின், ஏழைக் குடும்பங்களின் பழைய வீடுகளுக்கு அரசின் செலவிலேயே காப்பு இட்டுத் தரும் திட்டம் ஒன்று 1976இல் தொடங்கிற்று. அது இன்றும் நடைபெறுகிறது. அங்கே கற்ற வரிசை இதுதான்: முதலில் இடுக்குகளை அடைத்தல், அடுத்துக் கூரைக்குக் காப்பிடுதல், சுவரைப் பின்னர்க் கவனித்தல். இவ்வரிசையில் கூரையைப் பற்றிய பகுதி நமக்கும் அப்படியே பொருந்தும். இடுக்கடைப்பு மட்டும் பொருந்தாது. அவர்கள் வீட்டினுள் உண்டாக்கிய சூட்டை வெளியே விடாமல் காக்கின்றனர். நாமோ அடுப்பின் சூட்டையும், விசைத்தறி மோட்டாரின் சூட்டையும், பத்துப்பேர் உடலின் சூட்டையும் வெளியேற்றியாக வேண்டும். கூரையை மூடுவதும் காற்றுக்கு வழி விடுவதும் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் நம் ஊருக்கு ஏற்ற காப்பாகும்.

வெப்பம் எவ்வழி நுழைகிறது?

நம் பகுதி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய 13 டிகிரியில் உள்ளது. ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரத்தில் நடுப்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறான். ஆகஸ்டு மாத நடுவில் மீண்டும் அவ்வாறே நிற்கிறான். அவ்விரு காலத்திற்கும் இடைப்பட்ட நாட்களிலும் உச்சியை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. எனவே தெற்குச் சுவரில் கோடை வெயில் அநேகமாகப் படுவதேயில்லை. கிழக்குச் சுவர் காலையிலும் மேற்குச் சுவர் மாலையிலும் வெயிலை வாங்குகின்றன. கூரை மட்டும் உதயம் முதல் அஸ்தமனம் வரை வாங்கிக்கொண்டே இருக்கிறது. உச்சிப் பொழுதில் ஒரு சதுர மீட்டர் கூரையின்மேல் விழும் வெயிலின் சக்தி ஏறக்குறைய 1,000 வாட். சிறிய மின்சார அடுப்பு ஒன்றுக்கு அது சமம். பத்தடிக்குப் பத்தடி அறையின் கூரை ஒன்பது சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது, நம் தலைக்கு மேல் ஒன்பது மின்சார அடுப்புகள் எரிகின்றன. செலவிடும் முதற் காசு கூரைக்கே செல்ல வேண்டும் என்பதற்கு வேறு காரணம் வேண்டுவதில்லை.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018இல் வெளியிட்ட குடியிருப்புக் கட்டிட விதிகளும் கூரைக்குத் தனியே ஓர் எல்லையை வகுத்துள்ளன. வெளியிலும் உள்ளிலும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் கூரை வழியே 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கலாகாது என்பது அவ்விதி. காப்பிடாத கான்கிரீட் தளத்தில் அதைப்போல் மூன்று மடங்கு கடக்கிறது. ஓர் அங்குலத் தெர்மாகோலோ, ஒன்றரை அங்குல உமிப் படுகையோ சேர்ந்தால் விதி சொல்லும் எல்லைக்குள் வந்துவிடலாம்.

பழைய கூரைகளின் அருமை

திருத்தணிப் பகுதி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவிலிருந்து அந்நாளைய சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது. எல்லை மாறிற்றே தவிர, எல்லைக்கு இருபுறமும் அக்காலத்து வீடுகளின் அமைப்பு ஒன்றுதான்: தடித்த மண் சுவர் அல்லது செங்கற்சுவர், தெருத் திண்ணை, நடுவே முற்றம், பனஞ்சட்டத்தின்மேல் நாட்டு ஓடு.

நாட்டு ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் அடுக்குகிறோம். இரண்டு அடுக்குக்கும் நடுவே காற்று தங்குகிறது. மேலே திரண்ட சூடான காற்று ஓட்டின் சந்துகளினூடே வெளியேறுகிறது. காப்பும் காற்றோட்டமும் ஒரே கூரையில் அமைந்துவிட்டன. மச்சு வீடுகளில் மர உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, நாட்கணக்கில் மரக்கட்டையால் அடித்துக் கெட்டிப்படுத்தினர். அத்தளம் வெப்பத்தைப் பொழுது சாயும் வரை தாமதப்படுத்தும்.

இவை ஏன் மறைந்து வருகின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை. குரங்குகள் ஓட்டைப் புரட்டுகின்றன. மழையில் ஒழுகிப் பாவு நனைந்தால் நஷ்டம் நெசவாளருக்கே. ஆகவே ஓட்டைப் பிரித்து ஷீட் போடுகின்றனர். ஒழுக்கு நிற்கிறது, அனல் புகுகிறது. தகர ஷீட்டாயின் மார்கழியில் வேறொரு தொல்லையும் உண்டு. இரவில் தகடு வெகுவாகக் குளிர்ந்து, அதன் அடிப்புறம் வியர்த்து, விடியலில் நீர் சொட்டுகிறது. கூரைக்குக் கீழே காப்பு இருப்பின் கோடை அனலோடு மார்கழிச் சொட்டும் குறையும்.

ஓட்டுக்கூரை இன்னும் உறுதியாக உள்ளவர்கள் அதைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம் என்பது நமது யோசனை. பழுதான சட்டங்களை மாற்றி ஓட்டைத் திருப்பி மேய்வது பல சமயங்களில் சிறந்த முதலீடாகும்.

செய்யத்தக்கவை, வரிசைப்படி

முதலாவது, வெள்ளையடித்தல். கோயிற் பிரகாரங்களில் பக்தர்கள் வெறுங்காலுடன் நடப்பதற்காகக் கருங்கல் தரையின்மேல் வெண்பட்டை தீட்டியிருப்பதைக் கண்டிருக்கிறோம். உச்சி வெயிலில் கல்லின்மேல் கால் வைக்க இயலாது. அதே கல்லின் வெண்பட்டைமேல் நடந்து செல்லலாம். புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்த பரப்பு வெயிலில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கறுத்த பழைய தளம் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. வெப்பத்தை உள்ளே விட்டபின் தடுப்பதைவிட வாசலிலேயே திருப்பி அனுப்புவது மேலன்றோ?

முறை எளிது. தளத்தைக் கூட்டிக் கழுவி, பாசியைத் தேய்த்து நீக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பை ஒரு நாள் முன்னதாகவே நீரில் தாளித்து, துணியில் வடிகட்டி, பிடிப்புக்காகக் கஞ்சியோ பசையோ சேர்க்க வேண்டும். பாவுக்குக் கஞ்சி போடுபவருக்கு அதன் பதத்தை நாம் சொல்லத் தேவையில்லை. வெயில் தாழ்ந்த பின், தளத்தை நனைத்துவிட்டு, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக மூன்று பூச்சுப் பூசலாம். சுண்ணாம்பு தாளிக்கும்போது கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளை அருகில் விடலாகாது. கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். மழையில் இப்பூச்சுக் கரையும். ஆதலால் ஆண்டுதோறும் பங்குனியில் புதுப்பிக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் பல ஆண்டு நிற்கும் வெண்ணிறக் குளிர்பூச்சுகளையோ வெள்ளைத் தட்டோடுகளையோ இடலாம்.

இது சிறு யோசனை என்று தள்ளற்க. 2010ஆம் ஆண்டு மே மாதத்து வெப்ப அலைக்குப் பின், ஆமதாபாத் நகராட்சி 2013இல் வெப்பத் தடுப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. பின்னர் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் பணியையும் மேற்கொண்டது. தெலங்கானா அரசு 2023 ஏப்ரலில் குளிர்கூரைக் கொள்கை ஒன்றையே அறிவித்தது.

இரண்டாவது, நிழல். நாற்றங்காலுக்கு மேல் விவசாயிகள் கட்டும் பச்சை நிழல்வலையைக் கூரைக்கு மேல் ஓரடி இரண்டடி உயரத்தில் கட்டலாம். கூரையோடு ஒட்டிக் கட்டினால் பயன் குறையும். இடையே காற்று ஓட வேண்டும். மொட்டை மாடி உறுதியாயின் பந்தலிட்டுப் பீர்க்கு, சுரை, அவரை ஏற்றலாம். கொடி நிழலும் தருகிறது, இலைவழி நீராவி விட்டுக் குளிர்ச்சியும் தருகிறது, கறிக்குக் காயும் தருகிறது. மேற்குச் சுவருக்குக் கீற்றுத் தட்டியோ மரநிழலோ போதுமானது.

மூன்றாவது, உட்கூரை. ஷீட்டுக்கும் நமக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி விட்டு மூங்கில் தட்டி அல்லது பாய் கட்டினாலே, சூடேறிய கூரை நம் தலைமேல் நேரே அனல் வீசுவது தடைப்படும். இடைவெளியில் சேரும் சூடான காற்று வெளியேற, எதிரெதிர்ச் சுவர்களின் உச்சியில் வலையடித்த துவாரங்கள் அவசியம். தட்டியின்மேல் மெல்லிய நெகிழித்தாள் விரித்து, சிறிது சுண்ணாம்புத் தூள் கலந்த உலர்ந்த உமியை இரண்டங்குலம் பரப்பினால் அது முழுக் காப்பாகும். சுண்ணாம்பு பூச்சிகளைத் தடுக்கும். ஒழுகும் கூரையின் கீழ் உமி பரப்பலாகாது. நனைந்த காப்பு காப்பாகாது. தெர்மாகோல் இடுவோர் அதைத் திறந்தபடி விடாமல் ஜிப்சம் பலகையாலோ பூச்சாலோ மூடுவது கட்டாயம்; தீப்பற்றினால் அதன் புகை நச்சுப் புகையாகும்.

நான்காவது, இரவுக் காற்று. பகலில் சுவரும் தரையும் வாங்கிய சூட்டை இரவில் வெளியேற்றினால்தான் மறுநாள் வீடு குளிர்ந்து தொடங்கும். இருட்டியபின் சன்னல்கள், முற்றம், உச்சித் துவாரங்கள் யாவற்றையும் திறந்து வைத்து, காலை ஒன்பது மணிக்குள் வெயிற்புறச் சன்னல்களை மூடுவது முறை. இது கைத்தறி வீட்டுக்குச் சொன்னது. விசைத்தறிக் கொட்டகைக்கு இது பொருந்தாது. மோட்டார் எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் உஷ்ணமாகவே அறையில் சேர்கிறது. அங்கே பகலிலும் சூடான காற்றை உச்சியிலிருந்து வெளியேற்ற வழி இருக்க வேண்டும்.

விசிறியைப் பற்றி ஒரு வார்த்தை. அறையின் காற்று 40 டிகிரியைத் தாண்டியபின் மின்விசிறி உடலைக் குளிர்விக்காது. சூட்டை மேலே வாரி இறைக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் எச்சரிக்கை. கூரையைத் திருத்திய பின்னரே விசிறிக்கு விசிறியின் பயன் உண்டாகிறது.

நூலுக்கும் ஈரம் வேண்டும்

வீடு குளிர்ந்திருப்பதில் நெசவாளருக்கு மட்டுமே உரிய இலாபம் ஒன்றுண்டு. பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தை உண்டு வலுப்பெறுவது. காற்று வறண்டால் நூல் முறுக்கேறி அறுகிறது. குழித்தறியைத் தரைக்குள் இறக்கி அமைத்ததற்கு மண்ணின் ஈரமும் ஒரு காரணம் என்பது அனுபவஸ்தர் அறிந்ததே.

காற்றில் உள்ள நீர் அப்படியே இருந்தாலும் சூடு ஏறினாலே காற்று வறண்டுவிடுகிறது. 30 டிகிரியில் 65 சதவீத ஈரப்பதம் கொண்ட காற்றை, நீர் சேர்க்காமலும் நீக்காமலும் 40 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் 37 சதவீதமாக இறங்கும். அதே காற்று 35 டிகிரியோடு நின்றால் 49 சதவீதம் இருக்கும். கூரையைத் திருத்தி ஐந்து டிகிரி குறைத்தவர், ஒரு சொட்டு நீரும் தெளிக்காமல் நூலுக்கு ஈரம் சேர்த்தவராகிறார். மேல்காற்று வறண்டு வீசும் நாட்களில் சன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைத்து வைத்தால் குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்து கிடைக்கும்.

எச்சரிக்கை மூன்று

ஒன்று, கல்நார். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டு ஷீட்டுகளில் உள்ள கல்நார் இழை மூச்சில் புகுந்தால் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயை உண்டாக்கவல்லது. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்துள்ளன. முழுதாக, அசையாமல் உள்ள ஷீட்டினால் அபாயம் குறைவு. உடைத்தால், துளையிட்டால், உலர்ந்தபடி தேய்த்தால் தூள் பறக்கும். ஆகவே அத்தகைய கூரையைக் கம்பித் தூரிகையால் சுரண்டலாகாது. நீர் தெளித்து மெதுவாகத் துடைத்தபின் பூச்சுப் பூசலாம். ஷீட்டின்மேல் ஏறி நிற்பதும் கூடாது. ஏணியும் பலகையும் குறுக்கே இட்டே வேலை செய்ய வேண்டும்.

இரண்டு, தீ. ஷீட்டின்மேல் கரும்புச் சோகையும் தென்னங்கீற்றும் போர்த்துவது குளிர்ச்சியே. ஆனால் வீடுகள் நெருங்கிய நெசவுத் தெருவில், பஞ்சும் நூலும் நிறைந்த கூடத்திற்கு மேல், ஒரு பொறி போதும். உட்கூரையின்மேல் படியும் பஞ்சுத் தூசியையும் மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும். மின்கம்பிகளை உட்கூரையோடு ஒட்டி விடலாகாது.

மூன்று, பாரம். செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம் மூன்றங்குலம் போட்டால் பத்தடிச் சதுர அறையின் கூரைமேல் ஒரு டன்னுக்கு மேல் எடை ஏறும். அதே பரப்பில் இரண்டங்குல உமி ஐம்பது கிலோவுக்குச் சற்று மேல். ஓரங்குலத் தெர்மாகோல் ஐந்து கிலோ. பழைய உத்திரம் உளுத்திருக்கிறதா என்று தச்சரைக் கொண்டு தட்டிப் பார்க்காமல் பாரம் ஏற்றலாகாது. மண் சுவர்களுக்குச் சிமெண்டுப் பூச்சும் ஆகாது. உள்ளே ஈரம் தங்கிச் சுவர் உதிரும். சுண்ணாம்புப் பூச்சே பொருந்தும்.

சங்கம் செய்யத்தக்கது

தனி ஒருவர் ஒரு மூட்டைச் சுண்ணாம்பு வாங்கினால் சில்லறை விலை. தெருவே சேர்ந்து வாங்கினால் மொத்த விலை. கூட்டுறவின் முதற் பாடம் இதுவே. நூலைச் சேர்ந்து வாங்கும் நாம் சுண்ணாம்பையும் நிழல்வலையையும் சேர்ந்து வாங்கலாகாதா? உமியும் மூங்கிலும் வெட்டிவேரும் வெளியூரிலிருந்து வரவேண்டியவை அல்ல. விவசாய அங்கத்தினர்கள் கொடுக்க, நெசவாளர் அங்கத்தினர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

எல்லோரும் நம்பிச் செய்வதற்கு முன், ஒரு சோதனையும் நடத்தலாம். ஒரே தெருவில், ஒரே மாதிரியான கூரையும் ஒரே அளவு கூடமும் கொண்ட இரண்டு வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றின் கூரைக்கு மட்டும் வெள்ளையடித்து, இரண்டிலும் தறியின் அருகே ஒரே உயரத்தில் வெப்பமானி ஒன்று மாட்டட்டும். காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை மூன்று, இரவு ஒன்பது ஆகிய நான்கு வேளையும் ஒரு வாரம் குறித்து, சங்கத்து அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டலாம். அன்றன்று எத்தனை முறை நூல் அறுந்தது, எத்தனை மணி நேரம் தறி ஓடிற்று என்பதையும் சேர்த்து எழுதினால் இலாப நஷ்டம் பளிச்சென்று தெரியும். ஓடு மாற்றத் தெரிந்த இரண்டொரு பெரியவர்கள் ஊரில் இன்னும் இருப்பார்களாயின், அவர்களிடம் இளைஞர் சிலரைப் பழக்கி வைப்பதும் சங்கத்தின் கடமைகளுள் ஒன்றாகலாம்.

அடுத்த பொதுக் கூட்டத்தில் இதனை ஒரு விஷயமாக எடுத்துப் பேசுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். சித்திரை பிறந்தபின் தளத்தின்மேல் ஏறி வேலை செய்வது வேலையாட்களுக்கே ஆபத்து. ஆகவே மாசியிலேயே சுண்ணாம்புக்குச் சொல்லி வைத்து, தெருவுக்குத் தெரு முறை வகுத்து, பங்குனிக்குள் எல்லாக் கூரைகளும் வெளுக்குமாறு ஏற்பாடு செய்தல் நலம். முதியவரும் கைக்குழந்தையும் உள்ள வீடுகளிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.